பொற்சிலையும் உரைகல்லும்

"பரிசு பெற்ற படம்!" இந்த மூன்று சொற்களைக் கேட்டதும் பலருக்கு நாவும் அடங்கிவிடுகிறது, அறிவும் அடங்கிவிடுகிறது. படத்தைப் பார்த்துச் சலிப்புற்றவர்கூடத் தம் சலிப்பை வெளியே சொல்ல நாணுகிறார். 'உலகமே புகழ்கிறதே, நமக்குத்தான் சுவைக்கத் தெரியவில்லையோ' என்று தம்மைத் தாமே ஐயுறுகிறார். பார்க்காதவரோ, பார்க்காமலே பாராட்டுகிறார். பதின்மூன்றரை அங்குல உயரமுள்ள சிலை ஒன்று, வாளேந்திய வீரனின் வடிவில், படச்சுருளின்மீது நின்றுகொண்டு, கோடிக்கணக்கான மக்களின் சுவையுணர்வுக்கு ஆணையிடுகிறது. அதன் பெயர் ஆஸ்கார்.

சிலைகளின் முன்னே நின்று வினா எழுப்பப் பழகியவர்கள் நாம். கல்லால் ஆன சிலையிடம் கேட்கும் கேள்வியைப் பொன்முலாம் பூசிய சிலையிடம் மட்டும் கேளாது விடுவது முறையாகுமா? இதைச் செய்தவர் யார்? எதற்காகச் செய்தார்? இதன் முன்னே எவரை அழைத்து அமர்த்தினர்? எவரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தினர்? இவற்றைக் கேட்டு விடை கண்ட பிறகு தலைவணங்குவோர் வணங்கட்டும். கேளாமலே வணங்குவதற்குப் பெயர் கலையுணர்வு ஆகாது, தோழர்களே!

விடைத்தாள் திருத்துவது என் தொழில். முதல் மதிப்பெண் என்பது மாணவனின் அறிவை மட்டும் காட்டுவதில்லை. வினாத்தாள் எத்தகையது, திருத்தியவர் எத்தகையவர் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அதனால்தான் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் மறுமதிப்பீடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் திரையுலகின் தலையாய விருதுகள் சிலவற்றை இங்கே மறுமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வோம். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும், கூடவும் கூடும், பழைய எண்ணே சரி என்றும் ஆகலாம்.

★

முதலில் தேர்வு நடத்துகிறவர் யார் என்று பார்ப்போம்.

1927ஆம் ஆண்டின் தொடக்கம். ஹாலிவுட்டின் மிகப் பெரிய பட நிறுவனமாகிய எம்.ஜி.எம்மின் தலைவர் லூயி பி. மேயர். அதற்குச் சில திங்களுக்கு முன்புதான் படநிலையத் தொழிலாளர் சங்கங்களோடு முதலாளிகள் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்திருந்தது. நாளை நடிகரும் எழுத்தாளரும் இயக்குநரும் சங்கம் அமைத்தால் என்னாவது என்ற கவலை முதலாளிகளுக்கு. எல்லாப் பிரிவினரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தி, பூசல்களைத் தாங்களே தீர்த்துக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்று மேயர் எண்ணினார். முப்பத்தாறு பேர் கூடினர். 'திரைப்படக் கலை, அறிவியல் அகாடமி' பிறந்தது. கலை என்ற சொல் அதன் பெயரில் இருந்தது. தொழிற்சங்கம் எழாமல் தடுப்பது அதன் கருவிலேயே இருந்தது. விருது வழங்குவது பின்னர் வந்த யோசனை.

தொட்டிலில் இருந்த நோக்கம் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1933இல் பொருளாதாரச் சரிவு நாட்டை உலுக்கியபோது, ஊழியரின் ஊதியத்தைப் பாதியாகக் குறைக்க முதலாளிகள் முனைந்தனர். எட்டு வாரக் குறைப்புக்கு அகாடமி ஒத்துநின்றது. எழுத்தாளரும் நடிகரும் வெகுண்டு வெளியேறித் தத்தமக்குச் சங்கம் கண்டனர். 'தி இன்ஃபார்மர்' படத்துக்குத் திரைக்கதை எழுதிய டட்லி நிக்கோல்ஸ், 1936இல் தமக்கு அளிக்கப்பட்ட சிலையை ஏற்க மறுத்தார். தம் சங்கத்துத் தோழர்களுக்குத் துரோகம் செய்து பெறும் பொன் எனக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. அச்சிலையை மறுத்த முதல் மனிதர் அவரே. விருது பெற்றவர் பெயரெல்லாம் நமக்கு மனப்பாடம். மறுத்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் விருது விழா 1929 மே 16ஆம் நாள், ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஓட்டலில் நடந்தது. விருந்தினர் 270 பேர். வழங்கும் நிகழ்ச்சி பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அவ்வாண்டு உயர்ந்த படத்துக்கான பரிசு ஒன்றல்ல, இரண்டு. 'தலைசிறந்த படம்' என்ற பரிசை விமானப் போர் பற்றிய 'விங்ஸ்' பெற்றது. 'தனித்தன்மையும் கலைநயமும் மிக்க படம்' என்ற பரிசை முர்னோ இயக்கிய 'சன்ரைஸ்' பெற்றது. மறு ஆண்டே கலைநயத்துக்கான பரிசை எடுத்துவிட்டனர்! பிற்பாடு, இருந்தவற்றுள் 'விங்ஸ்' பெற்றதே மேலானது என்று தீர்மானித்தும் விட்டனர். ஆகவே, 'முதன்முதல் ஆஸ்கார் பெற்ற சிறந்த படம் விங்ஸ்' என்று இன்று நாம் படிப்பது, தேர்வு முடிந்தபின் திருத்தி எழுதப்பட்ட முடிவு. 'சன்ரைஸ்' என்னவாயிற்று? 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் இதழ் உலகத் திறனாய்வாளரிடம் வாக்குக் கேட்டபோது, உலகப் படங்களின் வரிசையில் அது ஐந்தாம் இடத்தில் நின்றது.

இதனால் அகாடமியின் தீர்ப்பெல்லாம் பொய் என்று முடிவுகட்டிவிடலாமா? அதுவும் மூடநம்பிக்கையே. ஒன்றை ஆராயாமல் போற்றுவதற்கும் ஆராயாமல் தூற்றுவதற்கும் இடையே வேறுபாடு அதிகமில்லை. ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம். உரைகல்லாக மூன்று கேள்விகள் போதும். செய்நேர்த்தி எத்தகையது? மனிதரைப் பற்றி அது கூறுவது மெய்யா? தன் காலத்தில் அது எதை எதிர்த்து நின்றது, எதற்குப் பணிந்து நின்றது?

★

முதலில், சரியான தீர்ப்பு ஒன்று.

1930 நவம்பரில் தலையாய விருதைப் பெற்ற படம் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. எரிக் மரியா ரெமார்க் என்ற ஜெர்மானியர் எழுதிய புதினத்தை லூயிஸ் மைல்ஸ்டோன் படமாக்கினார். வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் தாய்நாட்டுப் பெருமை பேசிப் பிள்ளைகளைப் போருக்குத் தூண்டுகிறார். ஆரவாரித்துச் சென்ற அரும்புகள் சேற்றிலும் சிதறலிலும் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. பகைவன் என்று கொன்றவனின் உடலருகே ஓர் இரவு முழுதும் கிடந்து அவனிடம் மன்னிப்புக் கோருகிறான் கதைத்தலைவன். போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அமெரிக்காவில், அன்றைய பகைநாட்டு இளைஞனைக் கதைத்தலைவனாக்கி, அவன் சாவுக்குக் கண்ணீர் விட வைத்தது அப்படம்.

அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் அப்படம் திரையிடப்பட்டது. கோயபல்ஸ் தலைமையில் நாசிக் கும்பல் அரங்கில் புகுந்தது, நாற்றக் குண்டுகளை வீசியது, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டது. சில நாளில் ஜெர்மனியில் படம் தடை செய்யப்பட்டது. ஒரு படத்தின் உண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செய்நேர்த்தி உண்டு, மெய்ம்மை உண்டு, துணிவும் உண்டு. முழு மதிப்பெண் வழங்கலாம். அகாடமியின் தீர்ப்பு இங்கே நிலைத்து நிற்கிறது.

★

பத்தாண்டு கழிந்தது. 1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஓட்டல். 'கான் வித் தி விண்ட்' படத்துக்கு வெற்றிமேல் வெற்றி. போட்டி விருதுகள் எட்டு. தனிச்சிறப்புப் பரிசுகள் இரண்டு. வண்ணப்படம் ஒன்று தலையாய விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் அப்படத்தின் வண்ணமும் வடிவமும், அட்லாண்டா நகரம் தீப்பற்றி எரியும் காட்சியும், விவியன் லீயின் நடிப்பும் இன்றும் கண்ணைக் கவர்வன. செய்நேர்த்தியில் குறை சொல்ல நம்மால் ஆகாது.

ஆனால், அது கூறுவது என்ன? கறுப்பின மக்களை விலைக்கு வாங்கி விலைக்கு விற்ற தென்மாநிலப் பண்ணைவாழ்வை, காற்றோடு போய்விட்ட பொற்காலம் என்று கூறிக் கண்ணீர் வடிக்கிறது அப்படம். அடிமைகள் அங்கே மகிழ்ந்திருக்கின்றனர். எசமானரைக் கண்டு பூரிக்கின்றனர். விடுதலை வந்த பிறகும் விட்டு நீங்க மனமின்றிப் பணிபுரிகின்றனர். சாட்டை எங்கே? ஏலச்சந்தை எங்கே? தாயிடமிருந்து பறித்து விற்கப்பட்ட குழந்தை எங்கே? நான்கு மணி நேரத்தில் அதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. கறுப்பினத்தாரின் இதழ்களும் அமைப்புகளும் படமாகும்போதே எதிர்ப்புக் குரல் கொடுத்ததால், நாவலில் இருந்த இழிசொல்லும் கு கிளக்ஸ் கிளான் கும்பலின் பெயரும் நீக்கப்பட்டன. சொல் போயிற்று, பொருள் நின்றுவிட்டது.

அவ்விரவில் நடந்ததைக் கேளுங்கள். அப்படத்தில் பணிப்பெண் 'மாமி'யாக நடித்த ஹேட்டி மெக்டானியல், துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகள். ஆனால் அந்த ஓட்டலில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியே கேட்டுக்கொண்ட பிறகே உள்ளே வர இசைவு கிடைத்தது. உடன் நடித்தவர்கள் ஒரு மேசையில். அவர் மட்டும் சுவரோரம் தனி மேசையில். இரு திங்களுக்கு முன் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கோ அவர் போகவே முடியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் இனப் பிரிவினைச் சட்டம் அவர் தம் முகத்தைத் திரையில் காண்பதற்கும் குறுக்கே நின்றது. 1952இல் அவர் மறைந்தபோது, ஹாலிவுட் கல்லறையில் தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்ற அவர் விருப்பமும் மறுக்கப்பட்டது. அவருக்குப் பின் நடிப்புக்கான போட்டி விருதைக் கறுப்பினத்தார் ஒருவர் பெறுவதற்கு 1964இல் சிட்னி போய்ட்டியர் வரும்வரை இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

அந்த இரவில் மெக்டானியல் பெற்றது சிலைகூட அன்று. துணை நடிகருக்கு அந்நாளில் பட்டயமே வழங்கினர். அதனை அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். அங்கிருந்து அது காணாமற்போயிற்று. 2023இல்தான் அகாடமி மாற்றுப் பட்டயம் ஒன்றை அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது.

நடிகைக்குக் கிடைத்த விருது தகும். ஆயிரம் முறை தகும். படத்துக்குக் கிடைத்த தலையாய விருது? அவ்வாண்டுப் போட்டியில், பணத்துக்கு விலைபோன செனட்டின் நடுவே ஒருவனாய் நின்று குரலெழுப்பும் இளைஞனைக் காட்டிய 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' இருந்தது. ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' இருந்தது. பிரமாண்டத்துக்குப் பரிசு தந்தார்கள் என்று சொல்லுங்கள், ஒப்புகிறேன். உயர்வுக்குத் தந்தார்கள் என்று சொன்னால் ஒப்ப மாட்டேன். 2020இல் அமெரிக்காவில் நிறவெறி எதிர்ப்புக் கிளர்ச்சி பொங்கியபோது, ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று அப்படத்தைச் சில நாள் விலக்கி வைத்தது. பிறகு, அதன் வரலாற்றுப் பிழையை விளக்கும் முன்னுரை சேர்த்து மீண்டும் வெளியிட்டது. அதுவே நேரிய முறை. எரிக்கவேண்டாம், மறைக்கவேண்டாம், விளக்கத்தோடு காட்டுங்கள்.

★

திரைக்கலை பேசுவோர் அனைவரும் கசந்து பேசும் ஆண்டு 1941. ஆர்சன் வெல்ஸ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் எழுதி, இயக்கி, நடித்துத் தந்த 'சிட்டிசன் கேன்' அவ்வாண்டில் வந்தது. செய்தித்தாள் அரசர் ஒருவரின் எழுச்சியும் தனிமையும் அதன் கதை. உயிரோடிருந்த பத்திரிகைப் பெருமுதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் அதிலே தம் உருவைக் கண்டார். அவருடைய ஏடுகள் அனைத்தும் அப்படத்தின் விளம்பரத்தை ஏற்க மறுத்தன. லூயி பி. மேயர் முன்நின்று, படச்சுருளை அழித்துவிட்டால் எட்டு இலட்சம் டாலருக்கு மேல் தருவதாக ஆர்.கே.ஓ. நிறுவனத்திடம் பேரம் பேசினார். அகாடமிக்கு வித்திட்ட அதே மேயர்! அந்நிறுவனத் தலைவர் ஷேஃபர் மறுத்தார்; அவர் மறுத்ததால்தான் அப்படம் நமக்குக் கிடைத்தது.

ஒன்பது விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அப்படம் பெற்றது ஒன்றே ஒன்று: வெல்ஸும் மேன்கிவிச்சும் எழுதிய திரைக்கதைக்கு. தலையாய விருது ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'க்குச் சென்றது. அன்றுமுதல் அப்படத்தின் பெயரையே, 'கேனைத் தோற்கடித்த படம்' என்று இகழ்ச்சியோடு கூறுவது வழக்கமாயிற்று.

இந்த இகழ்ச்சி நேர்மையன்று. அப்படத்தைப் பாருங்கள். வேல்ஸ் நாட்டுச் சுரங்கச் சிற்றூர். கூலியைக் குறைக்கிறான் முதலாளி. சங்கம் வேண்டும் என்கின்றனர் மக்கள்; வேண்டாம் என்கிறார் பழமையில் ஊறிய தந்தை. ஒரே உணவு மேசையில் இரு தலைமுறைகள் மோதுகின்றன. மணமாகாமல் தாயான பெண்ணைத் திருச்சபை மூப்பர்கள் கூட்டத்தின் நடுவே நிறுத்தி விரட்டும்போது, மற்றொரு பெண் எழுந்து அவர்களின் பாசாங்கைச் சாடுகிறாள். உழைத்துத் தேர்ந்த மகன்களே கூலி அதிகம் என்று வேலையிழந்து கடல் கடக்கின்றனர். பாட்டும் பாசமும் மிகுந்து, நினைவின் இனிப்பு சற்றுக் கூடுதலாய்த் தோன்றுவது உண்மை. ஆயினும் உழைப்பாளர் வீட்டை இத்துணை மதிப்போடு காட்டிய படம் அந்நாள் ஹாலிவுட்டில் அரிது.

அப்படியானால் தீர்ப்பு என்ன? 'ஹவ் கிரீன்' தகுதியுள்ள படம். ஆனால் அவ்வாண்டின் முதற்படம் அதுவன்று. முன்னும் பின்னும் உள்ளவை ஒருங்கே தெளிவாய்த் தெரியும் ஒளிப்பதிவு, ஒரே மனிதனை ஐந்து பேர் ஐந்து விதமாய் நினைவுகூரும் கதைகூறல், பண வலிமையின் உட்குழிவைக் காட்டிய துணிவு ஆகிய மூன்றாலும் 'கேன்' ஒருபடி மேலே நிற்கிறது. ஹெர்ஸ்டின் அச்சுறுத்தலே முடிவை மாற்றியது என்று அறுதியிட்டுக் கூற முடியாது. வாக்களித்தோர் நெஞ்சை எவரும் திறந்து பார்த்ததில்லை. விழா நடந்த 1942 பிப்ரவரியில் அமெரிக்கா போருக்குள் புகுந்து மூன்று திங்களும் நிறையவில்லை என்பதையும், குடும்பம் சிதறும் கதை அப்போது நெஞ்சைத் தொட்டிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952இல் எடுத்த முதல் கணக்கில் 'கேன்' முதல் பத்துக்குள்ளேயே இல்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து கணக்குகளில் தொடர்ந்து முதலிடம். 2012இல் அவ்விடத்தை ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' பெற்றது. அதுவோ, வந்த காலத்தில் சிறந்த படத்துக்கான பரிந்துரைகூடப் பெறாதது. 2022இல், சமையலறையில் அடைபட்ட பெண்ணின் மூன்று நாள் வாழ்வைக் காட்டும் ஷாண்டல் ஆக்கர்மனின் படம் முதலிடம் வந்தது. ஆகவே அறிஞர் பட்டியலும் வேதமன்று. காலம் மாறுகிறது, கேட்கும் கேள்வி மாறுகிறது, முதலிடமும் மாறுகிறது.

★

தவறு என்று தயங்காமல் கூறத்தக்க தீர்ப்பு 1952ஆம் ஆண்டினது.

அப்போது அமெரிக்காவில் அச்சம் ஆட்சி புரிந்தது. 'நீ கம்யூனிஸ்டா? உன் நண்பன் கம்யூனிஸ்டா?' என்று நாடாளுமன்றக் குழு கலைஞர்களைக் கூண்டிலேற்றியது. பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தவருக்கு 1947 முதல் வேலையில்லை. 'ஹை நூன்' படத்தின் திரைக்கதையாசிரியர் கார்ல் ஃபோர்மன், படம் உருவாகிக்கொண்டிருந்த 1951 செப்டம்பரில் அக்குழுமுன் நிறுத்தப்பட்டார். காட்டிக்கொடுக்க மறுத்தார். தயாரிப்பிலிருந்து விலக்கப்பட்டு, இங்கிலாந்துக்குச் சென்றார்.

அவர் எழுதிய கதை என்ன? கொலைஞன் ஒருவன் நண்பகல் இரயிலில் வருகிறான். ஊர்க்காவலன் ஒவ்வொரு வீடாகச் சென்று துணை கேட்கிறான். நீதிபதி மூட்டை கட்டுகிறார்; நண்பன் வீட்டிலில்லை என்று மனைவியைவிட்டுச் சொல்ல வைக்கிறான்; கோயிலில் கூடிய பெரியோர் வாதம் செய்துவிட்டுக் கைவிரிக்கின்றனர். கடிகார முள் நகர நகர, அவன் தனியனாகிறான். எண்பத்தைந்து நிமிடப் படம். கௌபாய்க் கதையின் உடையில் வந்த, அச்சத்தால் ஊமையான நாட்டின் கதை அது.

தலையாய விருது எதற்குச் சென்றது? செசில் பி. டிமில் எடுத்த 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்' என்ற சர்க்கஸ் படத்துக்கு! யானைகள் உண்டு, ஊஞ்சல் உண்டு, இரயில் மோதலும் உண்டு. ஒரு மாலைப்பொழுது இன்பமாய்க் கழியும்; மறுநாள் காலையில் எண்ணிப் பார்க்க ஒன்றுமிராது. சிறந்த படம் என்று அறிவித்த அகாடமியே, சிறந்த இயக்குநர் என்று டிமில்லை அறிவிக்கவில்லை. அப்படம் பெற்ற மற்றொரு விருது கதைக்கு மட்டுமே. 1950இல் இயக்குநர் சங்கத்தினர் அனைவரும் அரசு விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று முன்நின்றவர் டிமில் என்பதையும் இங்கே குறித்துக்கொள்க.

'ஹை நூன்' நான்கு விருதுகள் பெற்றது. ஃபோர்மனின் திரைக்கதைக்கு ஒன்றுமில்லை. கேரி கூப்பருக்குக் கிடைத்த நடிப்பு விருதை மேடையேறிப் பெற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? கம்யூனிஸ்டு வேட்டையில் முன்நின்ற அமைப்பின் தலைவர் ஜான் வெய்ன்! அதே வெய்ன் பின்னாளில், அப்படம் அமெரிக்கப் பண்புக்கே மாறானது என்று பழித்தார். ஃபோர்மனை நாட்டைவிட்டு ஓட்டத் துணைபுரிந்ததற்கு வருந்தவில்லை என்றும் பேசினார். 'சிங்கிங் இன் தி ரெயின்' அவ்வாண்டின் சிறந்த படப் பட்டியலில் இடம்பெறவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த விடைத்தாளுக்கு முதல் மதிப்பெண் எப்படி வந்தது?

★

இறுதியாக, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்று.

1957ஆம் ஆண்டின் தலையாய விருதைப் பெற்றது டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. ஏழு விருதுகள். இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மீது பாலம் அமைத்து, உடைத்து எடுத்த படம். சப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கர்னல், தன் படையின் பெருமையைக் காட்டுவதாக எண்ணிப் பகைவனுக்கே உறுதியான பாலம் கட்டித் தருகிறான். கடமை, கௌரவம் என்ற சொற்கள் மனிதனை எவ்வளவு மூடனாக்கும் என்பதை அலெக் கின்னஸின் நடிப்பில் காண்கிறோம். அது மெய்யான கருத்து, உயர்ந்த நடிப்பு.

திரைக்கதை விருது பியர் பூல் என்ற பிரெஞ்சு நாவலாசிரியருக்கு வழங்கப்பட்டது. ஆங்கிலத் திரைக்கதையை அவர் எழுதவே இல்லை. எழுதியவர்கள் கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சனும், நாம் முன்பு கண்ட கார்ல் ஃபோர்மனும். குழுமுன் பதில் கூற மறுத்தவருக்கு விருது இல்லை என்று 1957இல் அகாடமி விதியே செய்திருந்தது; 1959இல்தான் அதை நீக்கியது. உண்மை ஆசிரியர் இருவருக்கும் உரிய சிலைகள் 1985இல், அவர்கள் மறைந்த பிறகு, அவர்தம் துணைவியர் கையில் சேர்ந்தன.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. அந்த இரயில்பாதை கற்பனையன்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க, 1942–43இல் சப்பானிய இராணுவம் அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை அது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அதில் வாட்டப்பட்டனர்; பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மடிந்தனர். அவர்களினும் பன்மடங்கான ஆசியத் தொழிலாளர் அங்கே இழுத்துச் செல்லப்பட்டனர். மடிந்தோர் எழுபதாயிரத்துக்குக் குறையார் என்பது பெரும்பாலோர் மதிப்பீடு. அவர்களுள் பல்லாயிரவர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். பசியாலும், மலேரியாவாலும், வாந்திபேதியாலும் செத்தனர். சயாம் மரண இரயில் என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் நினைவுகூர்வது அதனைத்தான். நேசநாட்டு வீரர்க்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்க் கல்லறைகள் உண்டு. நம்மவருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

படத்தில்? இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் அந்தத் தொழிலாளருக்கு இடமே இல்லை. பாதையைப் போட்டவன் கதையிலிருந்தே போய்விட்டான். ஒரு கர்னலின் மனப்போராட்டத்துக்குப் பின்புலமாகக்கூட அவன் சாவு பயன்படவில்லை. நாவலைத் தழுவிய கற்பனைதானே என்பர். ஆம், கற்பனைதான். ஆனால் உலகம் அந்த இரயில்பாதையை அறிந்ததே அக்கற்பனை வாயிலாகத்தானே? பரிசின் ஒளி ஒன்றைத் துலக்கும்போது, பக்கத்தில் உள்ளதை இருளில் தள்ளிவிடுகிறது.

அதே ஆண்டுப் போட்டியில் இருந்தது சிட்னி லூமட்டின் முதற்படமான 'ட்வெல்வ் ஆங்ரி மென்'. ஒரே அறை, பன்னிரண்டு நடுவர்கள், வெளியே கொளுத்தும் வெயில். சேரியில் பிறந்த இளைஞன் தந்தையைக் கொன்றதாக வழக்கு. பதினொருவர் குற்றவாளி என்கின்றனர். ஒருவர் மட்டும், 'ஓர் உயிரைப் போக்குமுன் சற்றே பேசுவோமே' என்கிறார். அவரிடம் வெறியில்லை, வீராப்பில்லை, கேள்வி இருக்கிறது. சான்றுகள் ஒவ்வொன்றாய்ச் சரிகின்றன. சேரிப்பிள்ளைகளே இப்படித்தான் என்று ஒருவர் இனவெறுப்பைக் கக்கும்போது, மற்றவர் ஒவ்வொருவராய் எழுந்து அவருக்கு முதுகு காட்டுகின்றனர். பகுத்தறிவு என்பது என்ன என்று கேட்கும் மாணவனுக்கு நான் காட்ட விரும்பும் படம் இது. மூன்று விருதுக்குப் பரிந்துரை, கிடைத்தது ஒன்றுமில்லை.

'குவாய்' செய்நேர்த்தியில் சிறந்தது. விருதுக்கு இழுக்கான படம் என்று எவரும் கூறார். ஆனால் என் தாளில் முதல் மதிப்பெண் அந்தப் பன்னிருவருக்கே.

★

கூட்டிப் பார்ப்போம். எடுத்துக்கொண்ட ஐந்து தீர்ப்புகளுள் ஒன்று முற்றும் சரி. ஒன்று முற்றும் தவறு. இரண்டில், பரிசு பெற்றது நல்ல படமே, அதனினும் உயர்ந்தது அருகில் நின்றது. மற்றொன்றில், கைத்திறனுக்குத் தந்த மகுடம் பொய்க்கும் சேர்த்துச் சூட்டப்பட்டது. மனிதர் கூடி வாக்களிக்கும் எந்த அவையிலும் விளைவு இப்படித்தான் இருக்கும். அந்த அவையில் அமர்ந்தோர் தொழிலின் உள்ளிருப்போர். அவர்களுக்கு நட்பும் பகையும் உண்டு, அச்சமும் ஆசையும் உண்டு. ஆங்கிலமல்லாத மொழிப்படம் ஒன்று அவர்களின் தலையாய விருதைப் பெற, 2020இல் கொரியப் படமாகிய 'பாரசைட்' வரும்வரை தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. அதற்குமுன் உலகம் எடுத்த படமெல்லாம் தகுதியற்றவையா? தேர்வுக்கூடத்தின் வாயில் குறுகலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே இளைஞர்களே, விருதுப் பட்டியலைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அதைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள், முடிவாகக் கொள்ளாதீர். உங்கள் ஊரில் பத்துப் பேர் கூடும் படிப்பகம் இருந்தால், ஓர் ஆண்டில் வென்ற படத்தையும் தோற்ற படத்தையும் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். யார் எடுத்தார், யாருக்காக எடுத்தார், யாரை மறைத்தார் என்று கேளுங்கள். பிறகு உங்கள் வாக்கை நீங்களே போடுங்கள். அந்த அறையில் பதினொருவர் ஒருபக்கம் நின்று, நீங்கள் மட்டும் மறுபக்கம் நின்றால் அஞ்சவேண்டாம். காரணத்தைச் சொல்லுங்கள், அவர்கள் காரணத்தையும் கேளுங்கள். பொன்னா, பூச்சா என்று அந்த வாதமே காட்டிவிடும்.